வலப்பக்கம் நின்று சொன்னது

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முதலாண்டு நினைவு நாளான நேற்று, வழக்கறிஞர் சங்க அறையில் உங்கள் படத்தைத் திறந்து வைத்தார்கள். பேசிய ஐவரில் நால்வர் உங்கள் பொறுமையைத்தான் சொன்னார்கள். சாட்சி சொல்லி முடித்ததும், பதிவான வாக்குமூலத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படித்துக் காட்டச் சொல்வீர்களாம். சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்ற, அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 278-ஆம் பிரிவைச் சடங்காக்காமல் கடைப்பிடித்த நீதிபதி நீங்கள் என்று ஒரு மூத்த வழக்கறிஞர் நெகிழ்ந்தார். கூலி வேலைக்காரர் கூண்டில் ஏறினாலும் தலையைச் சாய்த்து, முழுவதும் கேட்பீர்கள் என்றார் இன்னொருவர். நான் முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருந்தேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

அம்மாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்திருந்ததை இப்போது எழுதிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். உங்கள் வலக் காதை நீங்கள் 1965 செப்டம்பரில், பாகிஸ்தானுடனான போரின் சியால்கோட் முனையில், மகராஜ்கே அருகே விழுந்த ஒரு குண்டோடு விட்டுவிட்டு வந்தீர்கள். ‘வீர மதராஸி, அடி கொல்லு’ என்ற மதராஸ் படைப்பிரிவின் போர் முழக்கத்தைக் கடைசியாக இரு காதுகளாலும் கேட்டது அங்கேதான் என்று ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் தலையைச் சாய்த்தது இடக் காதைச் சாட்சியின் பக்கம் கொண்டுவருவதற்காக. உரக்கப் படிக்கச் சொன்னதும் அதற்காகவே.

இதைப் படிக்கும் வழக்கறிஞர்கள் உங்கள் தீர்ப்புகளை ஐயத்தோடு புரட்டத் தொடங்கிவிடக் கூடாது என்பதால் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இடக் காது கடைசிவரை பழுதின்றி இருந்தது. ஒரு சொல் தவறியிருக்குமோ என்ற அச்சம் இருந்ததனால்தான், இரண்டு காதும் கேட்கிற எவரையும்விட நீங்கள் கூடுதலாகக் கேட்டீர்கள். வழக்குகளைப் பற்றி இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். எழுதும் உரிமையும் எனக்கு இல்லை.

எனக்கு உரிமையுள்ளது 1988-ஆம் ஆண்டு ஜூன் மாதத்து ஒரு மாலை மட்டுமே. நீதிபதி குடியிருப்பின் முன்கூடத்தில், சுவரை ஒட்டிய நாற்காலியில், மடியில் வழக்குக் கட்டோடு இருந்தீர்கள். கதவு உங்கள் வலப்பக்கம். மேசையைச் சுற்றி நாலடி நடந்திருந்தால் இடப்பக்கம் வந்திருப்பேன். நான் நடக்கவில்லை. கதவருகே நின்றபடி, “அப்பா, சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும்” என்றேன். நீங்கள் ஒரு தாளைப் புரட்டினீர்கள். பிறகு இன்னொன்று. மூன்றாவது தாளும் புரண்ட பிறகு உள்ளே போய்விட்டேன். வெள்ளிக்கிழமை வந்தது, போனது.

எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பது தெரிந்தே நின்றேன் அப்பா. இத்தனை ஆண்டுகளாகச் சொல்ல முடியாமல் போனது இதுதான். நீதிமன்றம் நம் பெண்ணுக்கு வேண்டாம் என்று நீங்கள் அம்மாவிடம் சொன்னது அதற்கு முந்தைய வாரம் என் காதில் விழுந்திருந்தது. உங்கள் வாயிலிருந்து அந்த மறுப்பை நேராகக் கேட்க எனக்குத் துணிவில்லை. சொன்னேன், நீங்கள் பதில் சொல்லவில்லை என்று வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொள்ள ஒரு குறை தேவைப்பட்டது. அதை வைத்துக்கொண்டேன். ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன். உங்களை விட்டுத் தள்ளியே இருந்தேன். மன்னித்துவிடுங்கள்.

ஆனால், எல்லாத் தவறும் என்னுடையதுதானா? கூண்டில் நிற்பவன் எச்சில் விழுங்குவதைக்கூடக் கவனித்தவர் என்று நேற்று உங்களைப் புகழ்ந்தார்கள். மூன்று தாள் புரளும் நேரம் கதவருகே கடிதத்தோடு நின்ற மகளை நீங்கள் எப்படிக் காணாமல் இருந்தீர்கள்? யாரோ ஒருவருடைய வாக்குமூலத்தை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்ட நீங்கள், என்னை ஒருமுறையாவது “என்ன சொன்னாய், மறுபடி சொல்” என்று கேட்டிருக்கலாம். அடுத்த மாதம் நான் பயிற்சிப் பள்ளிக்குப் பெட்டி கட்டியபோதும் நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது காதா, நீங்களா என்று முடிவு செய்ய முடியாமலேயே எனக்குத் தலை நரைத்துவிட்டது.

தம்பி இதைப் படித்தால் வருந்துவான். அவனுக்குத் தெரிந்த அப்பா வேறு. அந்த அப்பாவை அவனிடமிருந்து நான் பறிக்கவில்லை. என் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, அவர்கள் எந்தக் காதில் கத்தினாலும் கேட்டதுபோல் சிரித்த தாத்தாவையும் நான் மறக்கவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிறைவாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

கடைசி வாரத்தில் ஒரு பிற்பகல், கட்டிலின் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த என்னைக் கையசைத்து, “இந்தப் பக்கம் வாம்மா” என்றீர்கள். எழுந்து சுற்றி வந்தேன். இடக் காதருகே குனிந்தேன். நீங்கள் கண்ணை மூடிக் காத்திருந்தீர்கள். கேட்க வேண்டியதைக் கேட்க அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தீர்கள். பிறகும் முகத்தைத் திருப்பாமல் வெகுநேரம் அப்படியே இருந்தீர்கள்.

உங்கள் மகள்