பழைய ரிவால்வரை உப்புத்தாள் கொண்டு தேய்க்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பெரியப்பா காலமான பிறகு, டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து குடிபெயர்க்கப்பட்டபோது சாட்ஸ்வர்த்துக்கு ஏற்றி வந்த தகரப் பெட்டியின் அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றிய சிறிய ரிவால்வர் ஒன்று கிடைத்தது. அதில் நிறுவனத்தின் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். பெரியப்பாவின் மகன், துருவாவது போகட்டும் என்ற நல்லெண்ணத்தில், நான் போய்ச் சேர்வதற்குள் உப்புத்தாளால் அதன் மேல்பட்டையையும் (உருளைக்கு மேலே ஓடும் இரும்புப் பட்டை) இடப்பக்கத்தையும் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார். சர்க்கரை ஆலையின் கடைசல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பளபளப்பைக் கண்டதும் எனக்கு ஏற்பட்ட வருத்தமே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நூறு வருடம் பழையதென்றால் உரிமம் வேண்டாம் என்று நம்மவர்கள் பலர் நம்புகிறார்கள், அது தவறு. தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழம்பொருள் என்று விலக்குவது, 1900ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்ட, குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளையும் அவற்றின் மாதிரிகளையும் மட்டுமே. தோட்டா போட்டுச் சுடும் ரிவால்வர் எவ்வளவு பழையதானாலும் அதில் சேராது. ஆகவே அதை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டி விசாரிக்கக் கூடாது. உள்ளே பழைய தோட்டா இருக்கலாம் என்பதால் விசையையும் தொடக் கூடாது. நாங்கள் காவல் நிலையத்தில் துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் அலுவலருக்குத் தகவல் சொல்லி, அவர் வழிகாட்டியபடி உரிமம் பெற்ற வணிகர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். அவருடைய மேசையில், அவர் கையாலேயே திருகாணிகளைக் கழற்றிப் பார்த்ததைத்தான் இனி எழுதுகிறேன்.

மரப்பிடியைக் கழற்றியதும், மரத்தின் உட்புறத்தில் 47 என்ற எண் தெரிந்தது. பிடிக்கு அடியிலிருந்த இரும்புச் சட்டத்திலும், தோட்டாக்கள் இருக்கும் சுழலும் உருளையின் முன்முகத்திலும் அதே 47. இது வரிசை எண் அன்று. பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் குழலை ஒரு வீட்டிலும் உருளையை இன்னொரு வீட்டிலும் செய்து, பிறகு ஓரிடத்தில் கோத்த காலத்தில், எந்த உறுப்பு எதற்குப் பொருந்தியது என்று தெரிவதற்காகக் குத்திய எண் அது. இரண்டு இலக்க எண்ணைக் கண்டவுடன் நாற்பத்தேழாவதாகச் செய்த துப்பாக்கி என்று மகிழ்ந்துபோகிறவர்கள் உண்டு. அவர்கள் ஏமாறக் கூடாது.

உருளையின் பின்முகத்தில், ஐந்து அறைகளுக்கு நடுவே, துருவோடு துருவாக ஒரு சிறிய முட்டை வடிவ முத்திரை இருந்தது. விளக்கைச் சாய்வாகப் பிடித்து உருப்பெருக்கியால் பார்த்தபோது ஈ, எல், ஜி என்ற மூன்று எழுத்துகளும், அவற்றின் கீழே நட்சத்திரமும், முட்டை வடிவத்தின் மேலே மகுடமும் தெரிந்தன. துப்பாக்கி வெடியைத் தாங்குமா என்று சோதித்து முத்திரையிடும் லியேஜ் சோதனைச்சாலையின் முத்திரை அது. மகுடம் 1893இல் சேர்க்கப்பட்டது. ஆகவே உருளை அதற்கு முன் சோதிக்கப்பட்டதாக இருக்க முடியாது. குட்டையான குழலும் ஐந்து அறைகளும், இங்கிலாந்தின் வெப்ளி நிறுவனம் 1872இல் கொண்டுவந்த புல்டாக் வடிவத்தை ஒத்திருக்கின்றன. அதைப் பார்த்து லியேஜில் ஏராளமாகச் செய்து உலகெங்கும் அனுப்பினார்கள். செய்தவர் பெயரில்லாமலே பல விற்பனைக்கு வந்தன. வாங்கி விற்ற கடைக்காரர் தம் பெயரை மேல்பட்டையில் பொறித்துக்கொள்வதும் வழக்கம். நாங்கள் உப்புத்தாளால் தேய்த்தது அந்த மேல்பட்டையைத்தான்.

முத்திரையே இல்லாமல் போவதற்கும் காரணங்கள் உண்டு. அமெரிக்காவில் அரசுச் சோதனைச்சாலை இருந்ததில்லை என்பதால் அந்நாட்டு மலிவுத் துப்பாக்கிகளில் அத்தகைய குறி இராது. இங்கிலாந்தில் 1813 முதலே சோதனை சட்டப்படி கட்டாயம் என்பதால், வெறுமையாக உள்ளதை வெப்ளி என்று சொல்வதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். குழலின் உள்ளே பார்ப்பதும் உதவும்: அமெரிக்க நிறுவனங்களுள் கோல்ட் செய்த ரிவால்வரில் சுழல் பள்ளங்கள் இடப்புறமாகவும், ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் வலப்புறமாகவும் திரும்பும். உருளையின் விளிம்பில் ஒவ்வோர் அறைக்கும் சிறு வெட்டு இருந்தால், அது தோட்டாவின் பக்கவாட்டில் ஊசி நீட்டியிருக்கும் பழைய பிரெஞ்சு முறை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குறி இல்லாத இரும்பு வேறு, குறியை அரத்தால் அழித்த இரும்பு வேறு. அழித்த இடத்தில் கை வைத்தால் மெல்லிய பள்ளம் தட்டுப்படும். கோடுகள் ஒரே திசையில் ஓடும். சுற்றியுள்ள பழைய நிறத்தோடு அந்த இடம் சேராது. எண்ணை அழிப்பது குற்றம். அடையாளக் குறி இல்லாத துப்பாக்கிக்கு உரிமமும் கிடைக்காது. ஒன்றும் அறியாமல் வீட்டில் உப்புத்தாள் போட்டவர், எண்ணை அழித்தவர் போலத் தோற்றமளிக்க நேரிடும். எங்கள் வீட்டிலேயே அந்தக் கவலை இரண்டு வாரம் இருந்தது.

தாத்தாவின் அப்பா போயர் போரில் காயப்பட்டவர்களைத் தூக்கிய இந்தியர் அணியில் இருந்தார் என்றும், அங்கிருந்து கொண்டுவந்தது இது என்றும் ஆயா சொல்வார். அந்த அணி 1899இல் அமைந்தது உண்மை. முத்திரையின் காலமும் அதற்கு முரணாக இல்லை. ஆனால் அவ்வளவை வைத்து அக்கதையை மெய் என்று என்னால் எழுதிக்கொடுக்க இயலாது; அவர் பெயருள்ள தாள் ஏதும் கிடைக்கும்வரை அதைக் குடும்பக் கதையாகவே வைத்துக்கொள்கிறேன்.

தேய்ந்த மேல்பட்டையில் முதல் எழுத்து மட்டும் ஆங்கில டி போல நிழலாகத் தெரிகிறது. அது டர்பன் என்பதன் தொடக்கமா, கடைக்காரர் பெயரின் தொடக்கமா என்று கண்டுபிடிக்க வேண்டும். 1914க்கு முன் நேட்டாலில் துப்பாக்கி விற்ற கடைகளின் ரசீதோ விளம்பரத் தாளோ தங்கள் வாசகர்கள் வீட்டில் இருந்தால், அதன் படத்தைத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடைசல் தொழிலாளி,
சாட்ஸ்வர்த், டர்பன்