ஒருவர் தோளில் ஊர்க் கண்மாய்: பாசனதாரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாசனதாரர்களுக்கு,

வணக்கம். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் கண்மாய்த் தண்ணீரை நம்பி நெல் நடும் உங்களுக்கு, உங்களுள் ஒருவனாக இம்மடலை எழுதுகிறேன். ஏறத்தாழ எல்லாக் கண்மாய்களுக்கும் ஒருவர் இருக்கிறார். சங்கத் தலைவர் என்றோ, வெறுமனே 'பெரியவர்' என்றோ அவரைக் குறிப்பிடுவோம். இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சாதாரணச் சம்சாரிதான் அவர். ஆகஸ்ட் 15 அன்று கிராம சபையில் அவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். 'ஊருக்கு உழைத்தே தேய்ந்தவர்' என்று மேடையில் சொல்கிறோம். அப்படி அவர் தேய்ந்ததில் நம் பங்கு எவ்வளவு என்பதைப் பற்றிப் பேசவே இந்த மடல்.

அவருடைய ஆண்டு எப்படிக் கழிகிறது என்பதை நம்மில் பலர் முழுமையாக அறிந்ததில்லை. கோடையில், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்களை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலத்தை வெட்ட ஆள் திரட்டுவதில் அது தொடங்குகிறது. கண்மாயில் படிந்த வண்டல் மண்ணான கரம்பையை எடுக்க விரும்புபவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும், நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்ற வரம்பைப் பொறுமையாக விளக்குவதும், அனுமதிக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடப்பதும் அவர்தான். கரையின் அடியை ஒட்டித் தோண்டிவிடாதபடி டிராக்டர்காரர்களோடு மல்லுக்கு நின்று, 'கரம்பை என்ன உங்கள் வீட்டுச் சொத்தா' என்ற பேச்சையும் கேட்டுக்கொள்பவர் அவர். கலெக்டர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு மடை பழுதுபார்க்கும் மனுவோடு பேருந்தில் போய்வருகிற செலவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அவருக்குத் தூக்கம் கிடையாது. எங்கள் பெரியவரை அப்படியொரு மழை இரவில் பார்த்திருக்கிறேன். கரையின் வெளிச்சரிவில் கசிவு தெரிந்த இடத்தில் குந்தி, ஒரு கையில் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு, கசியும் நீரை மறு உள்ளங்கையில் ஏந்தி அதன் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெளிந்து வந்தால் காலை வரை பொறுக்கலாம். கலங்கி வந்தால், நண்டு வளையோ எலி வளையோ பிடித்துக்கொண்டு தண்ணீர் கரையின் உள்மண்ணை அரித்து வருகிறது என்று பொருள். அன்று கலங்கித்தான் வந்தது. மணல் மூட்டை அடுக்கி, உட்புறத்தில் வைக்கோலும் களிமண்ணும் திணித்து அடைக்க ஆள் வேண்டியிருந்தது. அந்தக் கண்மாயில் பாயும் நிலத்துக்கு உரிமையாளர்கள் எத்தனையோ பேர் இருக்க, கரையில் சேர்ந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவே. மறுநாள் காலையில் எல்லோரும் வந்து பார்த்தார்கள், பாராட்டினார்கள், தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

தை மாதம் நெருங்கித் தண்ணீர் கீழிறங்கும்போது வேறு வகைச் சோதனை தொடங்கும். முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும். யார் வயலுக்கு எத்தனை மணிக்கு மடை திறந்தது, எப்போது அடைத்தது என்பதைப் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றில் அவர் குறித்து வைக்கிறார். அப்படியும் சொந்த மாமன் மகனே 'அவருக்கு மட்டும் அரை மணி கூடப் பாய்ந்திருக்கிறது' என்று வரப்பில் நின்று சத்தம் போடுவார். பழி வரக் கூடாது என்பதற்காகவே எங்கள் பெரியவர் தம் வயலுக்குக் கடைசி முறையை எடுத்துக்கொள்கிறார். நடவிலும் இதே கதைதான்: ஊர் நாற்றெல்லாம் நட்டு முடிந்த பிறகு முற்றிய நாற்றை நடுகிறார், முற்றிய நாற்று சரியாகத் தூர் கட்டாது, விளைச்சல் குறையும். அவர் மனு கொடுக்கப் போன நாட்களில் களையெடுப்பையும் மாட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்பவர் அவருடைய மனைவி. அந்த அம்மாளுக்கு இதுவரை யாரும் பொன்னாடை போர்த்தியதாக எனக்கு நினைவில்லை.

நம் முன்னோர் இப்படி ஒருவர் தலையில் எல்லாவற்றையும் கட்டவில்லை என்பதற்குக் கல்லில் சான்று இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரியைப் பராமரிக்கும் குழுவான ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. குடவோலை முறையில் தேர்ந்த ஆறு பேர் அந்த வாரியத்தில் இருந்தனர். அவர்களுடைய பொறுப்புக்காலம் 360 நாட்கள். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவர்கள் மீண்டும் ஓலையில் பெயர் எழுத முடியாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர்களும், அவர்களுடைய நெருங்கிய உறவினர்களும் தகுதி இழந்தனர். அந்தச் சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது என்பதால் அதை மக்களாட்சியின் பொற்காலமாகக் கொண்டாட நான் தயாராக இல்லை. ஆனால் ஏரியைக் காப்பது ஒரு தனி மனிதரின் நல்ல குணத்தைப் பொறுத்த காரியமன்று, முறை மாறி மாறிச் செய்து கணக்கு ஒப்புவிக்க வேண்டிய வேலை என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள்.

பழையதைப் பேசும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மடை திறந்து அடைத்து, கரையில் காவலிருந்து, வயல் வயலாகத் தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்த்த நீர்பாய்ச்சிகளும் மடைக்குடும்பன்களும் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினராகவே இருந்தனர். அறுவடைக் களத்தில் அளந்து விடும் நெல்லே அவர்களுக்குக் கூலி; விளையாத ஆண்டில் அதுவும் இல்லை. ஊரார் கூடிக் கண்மாயைச் செப்பனிடும் வழக்கத்தைக் குடிமராமத்து என்று நாம் பெருமையாகச் சொல்வதற்கும், 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்துக்கும் தொடர்பு உண்டு. ஊருக்கு உழைத்தவர்கள் எல்லோரும் விரும்பித்தான் உழைத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. நீர்பாய்ச்சிக்கு உரிய நெல்லை நாம் நிறுத்திவிட்டதால் அவர்களுடைய பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். போனது அவர்களுக்கு நல்லதே. அவர்கள் செய்துவந்த வேலையும் இப்போது பெரியவரின் தோளில்தான் ஏறியிருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம், நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்குத் தலைவரையும், பாசனப் பகுதியின் பிரிவுகளான ஆட்சி மண்டலத் தொகுதிகளின் உறுப்பினர்களையும் பாசனதாரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வழி செய்கிறது. 2017-இல் ரூ.100 கோடியில் 1,519 பணிகளோடு குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டபோது, பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ 10 விழுக்காட்டைப் பாசனதாரர்கள் தர வேண்டும் என்பதே ஏற்பாடு. எங்கள் கண்மாயில் அந்தப் பங்கின் பெரும்பகுதியைப் பெரியவர் தம் மாட்டையும் ஆளையும் கொடுத்தே ஈடுகட்டினார். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டோம்.

சேவை நிலைத்து நிற்க வேண்டுமானால் அது பெறுபவரிடமும் ஒன்றைக் கேட்க வேண்டும். திருத்துறைப்பூண்டியை மையமாகக் கொண்டு 174 பாரம்பரிய நெல் வகைகளை மீட்டெடுத்து 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன் இதை நன்றாக அறிந்திருந்தார். நெல் திருவிழாவில் ஒரு விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுத்தால், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. வாங்கிப் போனவர் அடுத்த விவசாயிக்குக் கொடுப்பவராக மாறினார், விதை பரவியது. ஜெயராமன் எவ்வளவு பெரிய மனம் படைத்தவராக இருந்திருந்தாலும், இந்த நிபந்தனை இல்லாவிட்டால் அத்தனை வகைகளும் அவருடைய பத்தாயத்தோடு நின்றிருக்கும். நாம் நம் பெரியவரிடம் பெற்றுக்கொள்வதற்கு எந்த நிபந்தனையும் இல்லை. அதுவே நோய் என்று நினைக்கிறேன்.

எனவே நான் கேட்பது இதுதான். வரும் ஆடி பிறப்பதற்குள் ஒவ்வொரு கண்மாயிலும் பாசனதாரர் கூட்டத்தைக் கூட்டுவோம். நிலம் யார் பெயரில் இருந்தாலும், வயலில் இறங்கி வேலை பார்க்கும் பெண்களும் குத்தகைதாரர்களும் அதில் உட்கார்ந்து பேச வேண்டும். ஏக்கருக்கு இவ்வளவு என்று தீர்வை வைத்து, அதை அறுவடைக்குப் பிறகு அல்லாமல் நாற்றுப் பாவும்போதே வசூலித்து, அதிலிருந்து நீர்பாய்ச்சிக்கு மாதக் கூலியாகப் பணம் கொடுப்போம். அந்த வேலைக்கு எந்தச் சாதியிலிருந்து யார் வந்தாலும் சரி. அடைமழைக் காலத்தில் கரைக்காவலுக்கு வீட்டுக்கு ஒருவர் என முறை போடுவோம். வர இயலாதவர் தம் செலவில் ஆள் அனுப்பட்டும். வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு நிலத்தை மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும். வரவு செலவைக் கிராம சபையில் உரக்கப் படிப்போம். இளைஞர்கள் இருவர் பெரியவரோடு கரையில் நடந்து, எந்த இடத்தில் கசியும், மிகை நீர் வெளியேறும் கலுங்கு எந்த அளவில் மறுகால் பாயும், எந்த மடையின் திருகு இறுகும் என்பதையெல்லாம் அவர் உடம்பில் தெம்பு இருக்கும்போதே கற்றுக்கொள்ளட்டும். அடுத்த தேர்தலில் அவருக்குப் பதிலாக வேறொருவர் நிற்பதை அவருக்குச் செய்யும் துரோகமாக யாரும் பேச வேண்டாம்.

கூட்டத்தின் முதல் தீர்மானமாக, இத்தனை ஆண்டுகளாக அவர் கைப்பணத்திலிருந்து செலவழித்த பேருந்துக் கட்டணம், மனு எழுதிய செலவு, மணல் மூட்டைக்கான சாக்கு, மடைத் திருகுக்கு வாங்கிய கிரீஸ் ஆகியவற்றுக்கு உத்தேசமாக ஒரு தொகையை ஒதுக்கி அவருடைய மனைவியின் வங்கிக் கணக்கில் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். பெரியவர் எழுந்து வேண்டாம் என்று மறுப்பார். அதைப் பொருட்படுத்தாமல் இரண்டாம் தீர்மானத்துக்குப் போய்விடலாம்.

இப்படிக்கு,
கடைமடைப் பாசனதாரர்களுள் ஒருவன்