பதினொரு பலகைகளும் ஒரு பிரிஸ்டல் போர்ட்டும்

அன்புடையீர்,

கடந்த வெசாக் வாரத்தில் கொட்டாஞ்சேனையில், எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்துப் பன்சலையின் (பௌத்த விகாரையின்) தான மண்டபத்தில் நாங்கள் வைத்த சிறிய கண்காட்சி மூன்று நாளோடு முடிந்துவிட்டது. வெள்ளைக்காரன் ஆட்சியில் கொழும்பில் பௌத்தப் பள்ளிக்கூடங்கள் எப்படி உருவாயின என்பதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லும் பதினொரு பலகைகள், அவ்வளவுதான். கைகொடுத்தவர்களின் வீடு தேடி வந்து நன்றி சொல்வதே முறை. என் முழங்கால் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஆகவே இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை. வாசித்தால் உங்களை உங்களுக்குத் தெரியும்.

முதல் நன்றி பன்சலையின் பெரிய ஹாமுதுருவுக்கு, அதாவது பெரிய பிக்குவுக்கு. நான் கத்தோலிக்கக் குடும்பத்துத் தமிழ்ப் பெண், ஓய்வுபெற்ற சரித்திர டீச்சர். மண்டபம் கேட்டுப் போனபோது ஒரு கேள்வியும் கேட்காமல் சாவியைத் தந்தார். கேள்வி பிறகுதான் வந்தது. முதல் பலகைக்கு நான் வைத்திருந்த தலைப்பு, 'ஒல்கொட் துரை கட்டிய பள்ளிகள்'. அதைச் சிங்களத்தில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "டீச்சர், அந்தத் துரை இறங்க முதல் இங்கே ஆட்களே இருக்கவில்லையா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் முகம் சுருங்கிப்போனது. முப்பது வருடம் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த கதையே அதுதானே! அமெரிக்காவிலிருந்து கேணல் ஹென்றி ஸ்டீல் ஒல்கொட் வந்தார், பள்ளிகள் வந்தன. இரண்டு வரி. பரீட்சைக்கு அது போதும்.

அன்று இரவே தலைப்பைக் கிழித்தோம். பலகைகளை 1880இல் தொடங்காமல் 1873இல், பாணந்துறையில் தொடங்கினோம். அங்கே மிகெட்டுவத்தே குணானந்த தேரர் கிறிஸ்தவப் போதகர்களோடு இரண்டு நாள் வாதம் செய்தார். அந்த விவாதம் ஆங்கிலத்தில் அச்சாகி அமெரிக்கா வரை போனதை வாசித்துத்தான் ஒல்கொட்டுக்கு இந்தத் தீவின் மேல் கண் விழுந்தது. குணானந்த தேரர் இருந்தது வேறெங்குமில்லை, எங்கள் கொட்டாஞ்சேனை தீபதுத்தாராமய விகாரையில். நான் பிறந்த வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம். அதே 1873இல்தான் மாளிகாகந்தையில் ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல தேரர் வித்தியோதயப் பிரிவெனா என்ற பிக்குகள் கல்லூரியைத் தொடங்கினார். ஆக, ஒல்கொட்டும் அவரோடு சேர்ந்து பிரம்மஞான சபையை (தியோசொபிக்கல் சொசைட்டி) நிறுவிய பிளவாட்ஸ்கி அம்மையாரும் 1880 மே மாதம் காலியில் இறங்கிப் பஞ்சசீலம் எடுத்தபோது இங்கே அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. ஜூன் 17இல் கொழும்பில் பௌத்த பிரம்மஞான சபை கூடியது. அந்த அடுப்பில் அவர் வைத்த விறகு பெரியதுதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை.

அடுத்த நன்றி என்னோடு ஒரே பள்ளியில் படிப்பித்த சிங்கள டீச்சருக்கு. எனக்குப் பேச்சுச் சிங்களம் ஓடும், பழைய அச்சு எழுத்து ஓடாது. இரண்டு மாதம் சனிக்கிழமை தோறும் வந்து, தேத்தண்ணீர் ஆறிப்போவதும் தெரியாமல் வரி வரியாக வாசித்துப் பொருள் சொன்னார். 1886இல் ஒல்கொட்டும் அந்தச் சபையைச் சேர்ந்த ஆங்கிலேயர் லெட்பீட்டரும் பள்ளிக்கூட நிதி திரட்ட ஊர் ஊராகப் போன கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். இரண்டு தட்டு மாட்டு வண்டி. கூட மொழிபெயர்ப்பாளராக ஓர் இளைஞன், புறக்கோட்டைத் தளபாட வியாபாரியின் மகன், கல்வித் திணைக்களத்தில் எழுதுவினைஞர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தவன். டொன் டேவிட் ஹேவாவிதாரண. பின்னாளில் அநாகாரிக தர்மபாலர். "மாட்டுக்கு வழி தெரியும், துரைக்குப் பாஷை தெரியாது, பொடியன் இல்லாவிட்டால் வண்டி எங்கே போய் நின்றிருக்கும்?" என்பார் டீச்சர். வண்டிப் படத்தை வரைந்ததும் அவர் பேரன்தான். மாட்டுக்குக் கொம்பு போட மறந்துவிட்டான், பரவாயில்லை.

த்ரீவீல் தம்பிக்கு. முதல் பள்ளி எங்கே நடந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்டப் புறக்கோட்டைக்குப் போனோம். 1886 நவம்பர் 1ஆம் திகதி, பிரின்ஸ் வீதி 19ஆம் இலக்கத்தில், சுமங்கல தேரர் தலைமையில் ஆங்கில பௌத்தப் பள்ளி திறந்தது. முதல் நாள் வந்தது 37 பிள்ளைகள். 1888இல் பிள்ளைகள் 130 பேர் அளவுக்குப் பெருகியதும் மலிபன் வீதி 61க்கு இடம் மாறியது. நாங்கள் போன காலை மலிபன் வீதியில் நிற்கவே இடமில்லை. நாட்டாமிமார் முதுகில் சாக்குப் பெட்டிகளோடு "பாரம், பாரம்" என்று கத்திக்கொண்டு வருகிறார்கள், பிள்ளைகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறார்கள். தம்பி த்ரீவீலை ஓரமாகக் குறுக்கே போட்டு எங்களுக்கு ஒரு சின்னக் கோட்டை கட்டித் தந்தார். அதற்குள் நின்று ஒரு பிள்ளை கேட்டது, "மிஸ், இந்தச் சத்தத்துக்குள்ளேயா படிச்சாங்க?" அந்தக் கேள்வியை அப்படியே மூன்றாம் பலகையில் போட்டோம். தம்பி மீட்டர் காசு மட்டும் வாங்கிக்கொண்டு காத்திருந்த நேரத்துக்கு வாங்கவில்லை.

பள்ளி 1889இல் பதிவானதும் லெட்பீட்டர் முதல் அதிபர் ஆனார். ஆனால் அதற்குள் பல பிள்ளைகள் கிறிஸ்தவப் பள்ளிகளுக்கே திரும்பிப் போயிருந்தார்கள். இது எந்தப் பள்ளியின் விழா மலரிலும் தடித்த எழுத்தில் வராத செய்தி. பெற்றோரைக் குறை சொல்ல முடியுமா? உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வேண்டும், ஆங்கிலம் மிஷன் பள்ளிகளில்தான் பழுத்துக் கிடந்தது. அடுத்த அதிபராக வந்து, போனவர்களின் இடத்தைப் புதுப் பிள்ளைகளால் நிரப்பியவர் ஏ. ஈ. பூல்ட்ஜன்ஸ். பறங்கியர், அதாவது ஐரோப்பிய வம்சாவளிக்காரர். முகத்துவாரம் பரி. தோமா கல்லூரியில் படித்து, புலமைப்பரிசில் வென்று, கேம்பிரிட்ஜுக்குப் போனவர். திரும்பி வந்து பௌத்தர் ஆனார். அதனால் அவர் படித்த கல்லூரியின் கௌரவப் பலகையில் அவர் பெயருக்கு இடமில்லாமல் போயிற்று. எங்கள் ஐந்தாம் பலகையை அவருக்கு மட்டும் ஒதுக்கினோம். பெயரைத் தவிர வேறெதுவும் எழுத வேண்டாம், பெரிதாக எழுதினால் போதும் என்று யோசனை சொன்ன நூலக உதவியாளர் தம்பிக்கு என் தனி வணக்கம். கண்காட்சியில் ஆட்கள் அதிக நேரம் நின்ற இடம் அதுதான்.

அதற்கடுத்த பலகைதான் எனக்குப் பிடித்தது. 1890களின் தொடக்கத்தில் ஒரு சட்டம் வந்தது. ஏற்கெனவே உள்ள பள்ளியிலிருந்து கால் மைலுக்குள் புதுப் பள்ளி திறந்தால் அரசாங்க மானியம் கிடையாது. பார்வைக்கு நியாயமான சட்டம். ஆனால் ஏற்கெனவே உள்ள பள்ளி என்றால் பெரும்பாலும் மிஷன் பள்ளிதானே! பூல்ட்ஜன்ஸ் இதை எதிர்த்து விடாமல் போராடினார். நான் எவ்வளவு விளக்கியும் பிள்ளைகள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நகர வரைபடத்தை விரித்து, அளவுகோலில் கால் மைல் பார்த்து, அந்த நீளத்துக்கு ஒரு சணல் நூலை வெட்டினாள். இப்போதுள்ள ஒவ்வொரு பள்ளியிலும் குண்டூசி குத்தி, நூலைச் சுற்றி வட்டம் போட்டாள். கொட்டாஞ்சேனைப் பக்கம் வட்டத்தின் மேல் வட்டம் ஏறி வெள்ளை இடமே மிஞ்சவில்லை. "அப்ப எங்க மிஸ் திறக்கிறது? கடல்லயா?" என்றாள். மகளே, நூலும் ஊசியும் உன்னுடையவை, பலகையும் உன்னுடையதுதான்.

பிறகு இடம் கிடைத்த கதை உங்களுக்குத் தெரியும். பள்ளி 1895 ஓகஸ்ட் 17இல் ஆனந்தா கல்லூரி என்று பெயர் பெற்றது. டியூடர் ராஜபக்ச 3 ஏக்கர் 5 பேர்ச் காணியைக் கொடுக்க, இன்றைய மருதானை வளாகம் வந்தது. 1898இல் டி. பி. ஜயதிலக அதிபரானார்.

1883 பற்றிய பலகைக்காக எங்கள் பங்குத்தந்தைக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்த வருட உயிர்த்த ஞாயிறு அன்று தீபதுத்தாராமயவுக்குப் போன பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கக் கும்பல் தாக்கியது, உயிர்ச்சேதமும் ஆனது. எங்கள் ஆட்கள் செய்தது. எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது, 'மோதல்' என்று மழுப்பியும் பார்த்தேன். வரைவை வாசித்த சுவாமி, 'மோதல்' என்ற சொல்லை அடித்துவிட்டுத் 'தாக்குதல்' என்று எழுதித் தந்தார். வேறொன்றும் சொல்லவில்லை. நீதி கிடைக்கவில்லை என்று ஒல்கொட் 1884இல் லண்டன் வரை போனதும், 1885இல் வெசாக் பொது விடுமுறையானதும், அந்த வெசாக் நாளில் பௌத்த கொடி எங்கள் ஊர் தீபதுத்தாராமயவிலேயே ஏறியதும் அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் ஒழுங்காகப் பொருந்தின.

பெண் பிள்ளைகளின் பலகைகள் இரண்டும் மியூசியஸ் கல்லூரியில் படித்த அந்த முதிய நோனாவின் கொடை. பழைய மாணவிகளுக்கே உரிய மிடுக்கோடு சாய்வு நாற்காலியில் இருந்தபடி, "குடிசையை முதலில் போடு, கட்டடத்தைப் பிறகு போடலாம்" என்று உத்தரவிட்டார். 1889இல் பெண்கள் கல்விச் சங்கம் தோன்றியது, அடுத்த வருடம் மருதானையில் சங்கமித்தா பெண்கள் பள்ளி. அவுஸ்திரேலியாவிலிருந்து அதற்கு அதிபராக வந்த கேட் பிக்கெட் 1891இல், வந்த கொஞ்ச நாளிலேயே, கிணற்றில் விழுந்து இறந்தார். அந்த இடத்துக்கு அதே வருடம் வந்தவர்தான் ஜெர்மனியில் பிறந்த விதவை மேரி மியூசியஸ் ஹிக்கின்ஸ். சங்கத்தோடு ஒத்துப்போகாமல் 1893இல் தனியே பிரிந்தார். பீட்டர் டி ஆப்ரூ துணை நிற்க, றோஸ்மீட் பிளேஸில் மண் சுவரும் ஓலைக் கூரையுமாக ஒரு குடிசையில் இன்றைய மியூசியஸ் கல்லூரி தொடங்கியது. மழைக்கு ஒழுகாத மூலையில் பாயைப் போடும் சின்னப் பெண்கள் என் கண்ணுக்குள் இப்போதும் நிற்கிறார்கள். அதற்கு ஆதாரம் கேட்காதீர்கள், ஓலைக் கூரையில் வளர்ந்தவள் நான்.

இனி, கோபித்துக்கொண்ட ஐயாவுக்கு. இரண்டாம் நாள் வந்த யாழ்ப்பாணத்து ஐயா பதினொரு பலகையையும் வாசித்துவிட்டு, "பிள்ளை, நாவலர் எங்கை?" என்று கேட்டார். ஆறுமுக நாவலரைத்தான் கேட்டார். மிஷன் பள்ளிகளுக்கு நடுவே 1848இலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர், அரசாங்க உதவிக்கு இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்தவர். அவர் கண்மூடிய மறு வருடம்தான் ஒல்கொட் காலியில் இறங்கினார். ஐயா சொன்னது நியாயம். பலகை செய்ய நேரமில்லை. அங்கேயே ஒரு பிரிஸ்டல் போர்ட் அட்டை வாங்கி, ஐயாவின் கையெழுத்திலேயே எழுதி ஒட்டினோம். அவருடைய கையெழுத்து அச்சைவிட அழகு.

அச்சகக்காரர்களுக்கும் நன்றிதான். முதல் அச்சில் 1886 என்பது 1986 ஆகியிருந்தது. நான் நான்கு தடவை சரிபார்த்தும் கண்ணில் படவில்லை. பார்க்க வந்த ஏழு வயதுப் பொடியன், "அப்ப எங்கட அப்பாவுக்கும் அந்தப் பள்ளிக்கும் ஒரே வயசு" என்று சொல்லித்தான் தெரிந்தது. கறுப்புப் பேனையால் திருத்தியிருக்கிறேன்.

பலகைகள் இப்போது என் வீட்டு விறாந்தையில் இருக்கின்றன. பள்ளிகள் கேட்டால் இரவல் தருவேன். பன்சலையில் எடுத்த நான்கு வாங்குகளில் மூன்று திரும்பிவிட்டன. நான்காவதின் கால் எங்கள் கையில் ஆடிவிட்டது, தச்சரிடம் கொடுத்திருக்கிறேன். ஹாமுதுருவனே, அடுத்த போயாவுக்கு முன் கொண்டுவந்து வைக்கிறேன்.

நன்றியுடன்,
கொட்டாஞ்சேனை சரித்திர டீச்சர்