அந்த 35 கிராம்

சேது,

எட்டு மாதம் ஆகிவிட்டது, தெரியும். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். எனக்குத்தான் கை முழுக்கப் பிசின்.

அப்பாவின் எழுதுமேசையைப் புதுப்பிக்க இறங்கினேன். மரத்தை இழைத்து, விரிசலை அடைத்து, மேலே எபாக்ஸி ரெசின் என்ற செயற்கைப் பிசினை ஊற்றினேன். டப்பாவில் இரண்டு பங்கு ரெசினுக்கு ஒரு பங்கு ஹார்டனர் என்று போட்டிருந்தது. ஹார்டனர் கலந்தால்தான் ரெசின் இறுகும். அளவுக்கோப்பையைத் தேடச் சோம்பல். தராசு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 400 கிராம், 200 கிராம். ஊற்றியதும் கண்ணாடி போல மின்னியது. மறுநாள் தொட்டால் விரல்ரேகை பதிகிறது. மூன்றாம் நாள் ஓர் எறும்பு நடுமேசையில் சிக்கிக் காலை உதறிக்கொண்டிருக்கிறது.

விற்றவருக்குக் காரசாரமாகப் புகார் எழுதிவிட்டு, தொகுப்பு எண்ணுக்காக டப்பாவைத் திருப்பினேன். பொடி எழுத்தில் 'கன அளவில்' என்று இருந்தது. அதன் கீழே அடர்த்தி, அதாவது ஒரு மில்லி எத்தனை கிராம் என்று: ரெசின் 1.15, ஹார்டனர் 0.95. 400 கிராமை 1.15ஆல் வகுத்தால் 348 மில்லி. அதில் பாதி 174 மில்லி ஹார்டனர். அதை 0.95ஆல் பெருக்கினால் 165 கிராம்தான். நான் 35 கிராம் கூடுதலாக ஊற்றியிருக்கிறேன். அந்த மிச்சத்துக்குச் சேர ரெசின் இல்லை. பிறகு எப்படி இறுகும்? புகாரை அழித்தேன்.

அரை லிட்டர் பாதரசப் புட்டி 6.8 கிலோ என்று தெரியாமல் ஒற்றைக் கையால் இழுத்த மணியை எத்தனை வருஷம் ஓட்டினோம்! அவனிடம் மட்டும் மூச்சு விடாதே.

தண்ணீர்தான் நம்மைக் கெடுத்து வைத்திருக்கிறது. லிட்டருக்கு ஒரு கிலோ என்று பழகிவிட்டு, எல்லாவற்றையும் அப்படியே நினைக்கிறோம். எண்ணெய் 0.92, தேன் 1.4. மாவு இன்னும் மோசம், தட்டினால் ஒரு கணக்கு, சலித்தால் ஒரு கணக்கு.

சேது, 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடா விமானம் ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து இறங்கியதே, அதுவும் இதே கணக்குதான். எரிபொருள் காட்டி வேலை செய்யவில்லை. தொட்டியில் இருந்த 7,682 லிட்டரை 1.77ஆல் பெருக்கி, வந்ததைக் கிலோ என்று எடுத்துக்கொண்டார்கள். 1.77 என்பது லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்ற எண். கிலோவுக்கு 0.8 போட்டிருக்க வேண்டும். அதனால் குறைவாக நிரப்பி, தேவையானதில் பாதிகூட இல்லாமல் கிளம்பி, எஞ்சின்கள் நின்றுபோய், கிம்லி என்ற இடத்தில் கிளைடர் போல வந்து இறங்கியது. யாரும் சாகவில்லை. ராத்திரி இதை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன், தூக்கம் வரவில்லை.

சரி, மேசையைச் சுரண்டியாகிவிட்டது. எறும்பைக் காப்பாற்ற முடியவில்லை. ஞாயிறன்று மறுபடி ஊற்றுகிறேன். கோப்பையில் அளந்ததைத் தராசிலும் வைத்துப் பார்ப்பேன்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மணி கேட்டால், மேசைக்கு இன்னும் சாமான் வரவில்லை என்று சொல்.

ராகவன்