செத்தவங்க கணக்கை மட்டும் போட்டா எப்படிங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கங்க. போன ஞாயித்துக்கிழமை அரசு ஆஸ்பத்திரி ஐசியூ பத்தி நீங்க போட்ட கட்டுரையில, "உள்ளே போனவர்களில் பலர் திரும்புவதில்லை, தனியாரில் இந்த நிலை இல்லை"ன்னு ஒரு வரி இருந்துச்சு. நான் ஐசியூல ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. அந்த வரியை படிச்சதுல இருந்து மனசு ஆறவே இல்ல.

உள்ள போகும்போது அவங்க எந்த நிலையில போனாங்கன்னு உங்க நிருபர் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமாங்க? தனியார்ல வெச்சு பார்ப்பாங்க, நகையை அடகு வெச்சு, காட்டை வித்து, கைக்காசு எல்லாம் தீர்ந்த பிறகு "இனி நீங்க அரசு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயிடுங்க"ன்னு தொண்டையில மூச்சு டியூபோட ஆம்புலன்ஸ்ல ஏத்தி விடுவாங்க, பிபி இறங்காம இருக்க போடற ஊசி ஓடிட்டே இருக்கும், கூட வர்ற பேப்பர்ல சொந்தக்காரங்க விருப்பப்பட்டு கூட்டிட்டு போறாங்கன்னு கையெழுத்து இருக்கும். மறுநாள் விடியறதுக்குள்ள உயிர் போயிட்டா அந்த சாவு யார் கணக்குல ஏறும்? எங்க கணக்குல. அங்க ரிஜிஸ்டர்ல அவர் உயிரோட டிஸ்சார்ஜ் ஆனவர். இது உங்களுக்கு தெரியாதது இல்லீங்க, நீங்க எத்தனை வருஷமா இந்த ஊர்ல பத்திரிகை நடத்தறீங்க.

ஐசியூவை ஐசியூவோட ஒப்பிடணும்னா அதுக்கு முறை இருக்குங்க. 1985லயே அமெரிக்காவுல அபாச்சி டூன்னு ஒரு ஸ்கோர் கொண்டு வந்தாங்க. அட்மிட் ஆன முதல் 24 மணி நேரத்துல பிபி, பல்ஸ், ரத்தத்துல ஆக்சிஜன், கிட்னி எப்படி இருக்குன்னு காட்டற கிரியாட்டினின், நினைவுன்னு 12 விஷயத்துல எது எவ்வளவு மோசமா போச்சோ அதுக்கு மார்க், அதோட வயசு, பழைய நோய் எல்லாம் சேர்த்து 71 வரைக்கும் போகும். இவ்வளவு சீரியஸா வந்தவங்கள்ல இத்தனை பேர் இறப்பாங்கன்னு ஒரு எதிர்பார்ப்பு கணக்கு வரும், நிஜமா இறந்தவங்களை அதோட வெச்சு பார்க்கணும். வெறும் சதவீதத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அதுலயும் எங்கள மாதிரி இடத்துக்கு ஒரு அநியாயம் இருக்கு, ராத்திரி லேப் ஓடலன்னா, ரத்தத்துல ஆக்சிஜன் பார்க்கற ஏபிஜி மெஷினுக்கு கார்ட்ரிட்ஜ் இல்லன்னா, எடுக்காத டெஸ்ட்டை நார்மல்னுதான் எழுதுவாங்க. சாகக் கிடக்கிறவர் பேப்பர்ல பாதி நல்லா இருக்கறவரா தெரிவார், அப்புறம் அவர் இறந்தா நாங்க பார்க்காம விட்ட மாதிரி ஆயிடும்.

வென்டிலேட்டர்ல இருக்கறவங்களுக்கு ஆளுக்கொரு நர்ஸ்னு புத்தகத்துல படிச்சோம். நைட் டூட்டியில நான் நாலு அஞ்சு பேரை பார்த்திருக்கேன். சளியை உறிஞ்சணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பி படுக்க வைக்கணும், தலைமாட்டை 30 டிகிரி தூக்கி வைக்கணும், ஒவ்வொருத்தருக்கும் நடுவுல கை கழுவணும். இதுல ஒண்ணு தவறினாலும் நெஞ்சுல நிமோனியா வந்துடும். மெஷின் வாங்கினா மந்திரியோட போட்டோ போடறீங்க, அதை ஓட்டற ஆள் இல்லன்னு போட்டதில்ல. டூட்டியில இருந்த எங்க சின்ன வயசு டாக்டரை நோயாளி கூட வந்தவங்க அடிச்சப்போ எட்டாம் பக்கத்துல ரெண்டு வரி போட்டீங்க, அதை நான் இன்னும் மறக்கலீங்க.

நல்லது நடந்தா எழுத மாட்டீங்களா? ஏற்காட்டுல எஸ்டேட் வேலைக்கு போற ஒரு பொண்ணு, ராத்திரி கீழ படுத்திருந்தவ விடியக்காலம் வயித்து வலின்னு எந்திரிச்சிருக்கா, வாயுன்னு சோடா வாங்கி குடுத்திருக்காங்க. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி இங்க வர்றதுக்குள்ள கண் இமை தூக்க முடியல, பேச்சு குளறுது, மூச்சு சன்னமாயிடுச்சு. கட்டுவிரியன் கடிங்க அது, கடிச்ச இடத்துல பெரும்பாலும் வலியும் இருக்காது வீக்கமும் இருக்காது. டியூப் போட்டு, விஷமுறிவு மருந்து ஏத்தி, நரம்பு திரும்பற வரைக்கும் மூச்சை மெஷின் பார்த்துச்சு, மத்ததெல்லாம் நாங்க பார்த்தோம். நடந்தே வீட்டுக்கு போனா. அரசு ஐசியூக்குள்ள போனவதான் அவளும்.

மறுப்பு போடுங்கன்னு கேட்கல, போட மாட்டீங்கன்னு தெரியும். ஒரு சின்ன பெட்டிச்செய்தி போடுங்க, அது போதும். பாம்பு கடிச்சா கயிறு கட்டாதீங்க, வெட்டாதீங்க, மந்திரிக்க போய் நேரத்தை விடாதீங்க, கை காலை அசைக்காம 108க்கு போன் பண்ணுங்க. தரையில படுத்தவங்களுக்கு காலையில காரணமில்லாம வயித்து வலி வந்து இமை சொருகினா, கடிச்ச தடம் இல்லன்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு கொண்டு வாங்க. ஏற்காடு, கருமந்துறை பக்கம் போற பதிப்புலயாவது மழை பிடிக்கறதுக்கு முன்னாடி போட்டுடுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.