தார் பெயர்க்கும் முன் மட்டம் எடுங்கள்

வட கரோலினாவில் பழைய ஸ்டாக் கார் (சாலைக் கார் வடிவிலான பந்தயக் கார்) பந்தயத் தடங்களைக் கையில் வைத்திருக்கும் கவுண்டி நிர்வாகத்தினருக்கும் தனி உரிமையாளர்களுக்கும்,

வணக்கம். 2021-இல் மாநில அரசு நார்த் வில்க்ஸ்பரோ தடத்துக்கு 1.8 கோடி டாலர் ஒதுக்கியது. 1996 செப்டம்பரோடு நின்றுபோன நாஸ்கார் (அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய அமைப்பு) உச்சநிலைக் கார்கள் 2023 மே மாதம் அங்கே மறுபடி ஓடின. இதைப் பார்த்த மற்ற ஊர்க்காரர்களுக்கும் ஆசை வரும். வரட்டும். ஆனால் பழைய தடம் என்றதும் பெயிண்ட், பலகை, கேலரி என்றே எல்லோருடைய யோசனையும் ஓடுகிறது. நாங்கள் கேட்பது தரையைப் பற்றி.

நார்த் வில்க்ஸ்பரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈனாக் ஸ்டேலி 1947-இல் திறந்த தடம். ஒரு சுற்று 5/8 மைல், அதாவது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். மேட்டை வெட்டிச் சமப்படுத்தப் பணம் பற்றவில்லை, நிலம் கிடந்தபடியே விட்டுவிட்டார்கள் என்பது ஊர்ப்பேச்சு. காரணம் எதுவானாலும், முன் நேர்தடம் இறக்கம், பின் நேர்தடம் ஏற்றம். இறக்கத்தில் வரும் கார் முதல் வளைவில் அதிகம் பிரேக் தின்னும். எடை முன் சக்கரத்தில் ஏறும். ஏற்றத்தில் எஞ்சினின் இழுவை வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் காரின் ஒரே செட்டப் (ஸ்பிரிங், டயர் போன்றவற்றின் அமைப்பு) ஒத்துவராது. இதைக் குறையென்று நினைத்து மண்ணடித்து நிரவினால், மிஞ்சுவது எங்கும் கிடைக்கும் ஓர் ஓவல்தான்.

ஆகவே பழைய தாரைப் பெயர்க்கும் முன் மட்டம் எடுங்கள், அதாவது தரையின் உயரத்தை இடத்துக்கு இடம் அளந்து குறியுங்கள். 5 மீட்டருக்கு ஓர் இடம். ஒவ்வொரு இடத்திலும் உள்விளிம்பிலிருந்து வெளிச்சுவர் வரை குறுக்காக 5 புள்ளி. ஒரு கிலோமீட்டர் தடத்துக்கு 200 இடம், 1000 புள்ளி. லேசர் ஸ்கேன் கட்டுப்படியாகாவிட்டால் லெவல் கருவியும் ஸ்டாஃபும் (உயரம் பார்க்கும் அளவுகோல்) போதும். வளைவில் நுழையும் இடத்தில் மட்டும் 2 மீட்டருக்கு ஒன்று எடுங்கள். நேர்தடம், வெளிப்பக்கம் உயர்ந்த வளைவுச் சரிவாக மாறும் அந்தத் துண்டைத்தான் ஒப்பந்தக்காரர் தெரியாமலே மழுக்கிவிடுவார். தரையை நிரவும் கிரேடர் வண்டி ஒரு முறை ஓடிவிட்டால் அப்புறம் கேட்டுப் பயனில்லை.

அடுத்தது தார். 2023-இல் நார்த் வில்க்ஸ்பரோவில் கார்கள் ஓடியது 1981-இல் போட்ட தாரின் மேல். வெயிலும் மழையும் பிசினை அரித்து, ஜல்லியின் முனை வெளியே நிற்கும். அது டயரை அரம்போல் ராவும். டயரைப் பார்த்து ஓட்டியவர் கடைசியில் முன்னேறுவார். முந்த இடமும் கிடைக்கும். அதே தடத்துக்கு 2024-க்குள் புதுத் தார் போட்டார்கள். புதுத் தாரில் பிடிப்பு அதிகம், தேய்மானம் குறைவு. எல்லோரும் ஒரே கோட்டில் வரிசை கட்டுவார்கள். விரிசல் கைமீறிப் போனால் ஒழிய முழுதும் பெயர்க்காதீர்கள் என்பது எங்கள் கட்சி.

பெயர்த்தே தீரவேண்டுமென்றால் ஆஷ்வில்–வீவர்வில் தடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1961 ஆகஸ்டில் 500 சுற்றுப் பந்தயம். தரை பெயர்ந்து கல் பறக்க, 258-ஆம் சுற்றில் நிறுத்தினார்கள். பாதி தாண்டிவிட்டதால் கணக்கில் அது முழுப் பந்தயம். கொதித்த கூட்டம் வாசலில் லாரியைக் குறுக்கே நிறுத்தி, ஓட்டுநர்களையும் குழுவினரையும் பல மணி நேரம் வெளியே விடவில்லை. வளைவின் மேல்பாதிதான் எப்போதும் ஆபத்து. சரிவில் ரோலர் கீழே நழுவும் என்று பயந்து மேல் இணைப்பை அரைகுறையாக அழுத்திவிடுவார்கள். மேலே ஒரு கனரக வண்டியை நிறுத்தி, ரோலரைக் கம்பிவடத்தில் கட்டி இறக்கச் சொல்லுங்கள். கலவை 135 முதல் 150 டிகிரி செல்சியஸில் விழ வேண்டும். 80-க்குக் கீழே ஆறிய பின் எத்தனை முறை உருட்டினாலும் இறுகாது. குளிர்காலத்தில், அதுவும் மெல்லிய அடுக்காகப் போடவே கூடாது.

ஊற்றையும் மறக்காதீர்கள். மழை விட்டு, தடம் காய்ந்த பிறகும் சுவருக்குப் பின்னாலுள்ள மண்மேட்டில் நின்ற நீர் விரிசல் வழியே கசியும். மேலே காயவைக்கும் வண்டி எத்தனை ஓடினாலும் அது நிற்காது. வெளிச்சுவரை ஒட்டி ஜல்லி நிரப்பிய வாய்க்காலும் துளைக்குழாயும் தார் போடும் முன்பே இறங்கியிருக்க வேண்டும்.

மண் தடம் என்றால் தண்ணீர்தான் எல்லாம். முந்தின இரவே கிளறி, நனைத்து, ஊறவிட்டு, ஆட்டுக்கால் ரோலர் (உருளையில் குமிழ்ப் பற்கள் கொண்டது) ஓட்டுங்கள். காலையில் மேலே மட்டும் தெளித்தால் ஓடு கட்டும். சில சுற்றில் உடைந்து புழுதியாகும்.

இனி பந்தயமே வராத தடங்கள். ஹில்ஸ்பரோவின் ஆக்கனீச்சி, 0.9 மைல் மண் தடம். 1968-இல் கடைசிப் பந்தயம், இன்று பைன் மரங்களுக்கிடையே நடைபாதை. அதைப் போன்ற இடங்களில் சரிவின்மேல் முளைத்த மரத்தைத் தரையோடு அறுத்து விடுங்கள், வேரைப் பிடுங்காதீர்கள். வேரோடு வந்தால் களிமண் வளைவும் கூடவே வரும்.