தேதி குறிச்சு உலகத்த அழிக்கிற சேனல்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க.

உலகம் இந்தத் தேதியில அழியுது, ஏலியன் கப்பல் வந்துட்டே இருக்கு, நாசா மறைக்குதுன்னு வாராவாரம் வீடியோ போடுற தமிழ் யூடியூப் சேனல்காரங்க எல்லாருக்கும் சேர்த்துதான் இத எழுதுறேன். யார் பேரையும் சொல்லப்போறதில்ல, போடுறவங்களுக்கே தெரியும்.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். தேதி சொன்னீங்கன்னா அந்தத் தேதிக்கு மறுநாளும் வந்து பேசுங்க. நான் பார்த்தவரைக்கும் யாரும் வந்ததே இல்ல, பழைய வீடியோவ தூக்கிட்டு அடுத்த தேதிக்குப் போயிடுறீங்க.

2025ல 3ஐ அட்லஸ் வந்துச்சே, அதையே எடுத்துக்கோங்க. வேற நட்சத்திர மண்டலத்துலருந்து நம்ம பக்கம் வந்ததுல இதுவரைக்கும் கண்டுபிடிச்ச மூணாவது பொருள், ஒரு வால்மீன், எவ்வளவு அருமையான விஷயம் அது! ஹார்வர்ட் பேராசிரியர் அவி லோப் இது ஏலியன் கப்பலா இருக்கலாமான்னு ஒரு கேள்வி கேட்டார், நீங்க அத பூமிய தாக்க வருதுன்னே முடிவு பண்ணிட்டீங்க. அது நமக்கு ரொம்ப கிட்ட வந்தது டிசம்பர் 19, அப்பவே தூரம் சுமார் 27 கோடி கிலோமீட்டர், சூரியன் இருக்குற தூரத்த விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஆனா ஏழாவது படிக்கிற என் அக்கா பையன் உங்க வீடியோல ஒண்ணப் பார்த்துட்டு லைட்ட அணைக்க விடாம படுத்திருந்தான், பரீட்சைக்கு எதுக்கு படிக்கணும்னு வேற கேட்டான். அன்னிக்கு வந்த கோவம் எனக்கு இன்னும் போகல.

இந்தக் கூத்து புதுசு இல்ல. 1962 பிப்ரவரில எட்டு கிரகம் மகர ராசில சேருதுன்னு நாடு பூரா யாகம் நடந்துச்சு. அதுக்கு முன்னாடி 1954 டிசம்பர்ல அமெரிக்காவுல சிகாகோ பக்கம் டோரதி மார்ட்டின்னு ஒரு அம்மா, பெருவெள்ளம் வருது, நம்பினவங்கள மட்டும் நடுராத்திரி பறக்கும் தட்டு வந்து ஏத்திக்கும்னு சொல்லி ஒரு கூட்டம் அவங்க வீட்டுல காத்திருந்துச்சு. தட்டுல உலோகம் ஆகாதுன்னு பேன்ட் ஜிப்ப எல்லாம் பிச்சு எடுத்துட்டு உக்காந்திருக்காங்க. மணி 12 தாண்டிருச்சு, ஆள் வரல, உடனே ஒருத்தர் இன்னொரு கடிகாரத்தக் காட்டி இதுல 11:55 தான் ஆகுதுன்னார், எல்லாருக்கும் நிம்மதி. விடியக்காலைல அந்தம்மாவுக்கு புது செய்தி வந்துச்சாம், உங்க பக்தியால உலகம் தப்பிச்சிருச்சுன்னு. லியான் பெஸ்டிங்கர்ங்கிற உளவியல்காரரோட ஆளுங்க அந்தக் கூட்டத்துக்குள்ளயே இருந்து இதையெல்லாம் குறிச்சு வச்சதாலதான் நமக்குத் தெரியுது.

2012ல பிரான்ஸ்ல புகராஷ்னு 200 பேர் இருக்குற ஊர், அங்க மலைக்குள்ள ஏலியன் ஒளிஞ்சிருக்கான், டிசம்பர் 21 அன்னிக்கு கூட்டிட்டுப் போவான்னு கிளப்பிவிட்டு, மலைக்கே போலீஸ் காவல் போட வேண்டியதாப் போச்சு, வந்தவங்கள்ல பாதிக்கு மேல பத்திரிகைக்காரங்க. அந்த மலைக் கல்லக் கூட இணையத்துல விக்க ஆள் இருந்தாங்க.

இதெல்லாம் சிரிக்கலாம். 1997 மார்ச்ல சான் டியாகோ பக்கம் நடந்தத சிரிக்க முடியாது. ஹேல்-பாப் வால்மீன் பின்னாடி கப்பல் வருதுன்னு நம்பி 39 பேர் உயிர விட்டாங்க, எல்லாரும் ஒரே மாதிரி ஷூ, பாக்கெட்ல அஞ்சு டாலர் நோட்டும் கொஞ்சம் சில்லறையும், பக்கத்துல துணிமணி கட்டி வச்ச பை. 2012ல நிபிருன்னு ஒரு கிரகம் பூமில மோதப்போகுதுன்னு புரளி கிளம்பின நேரத்துல நாசா விஞ்ஞானி டேவிட் மாரிசனுக்கு, உலகம் அழியறதுக்கு முன்னாடி நானே செத்துடலாமான்னு சின்னப் பசங்க எழுதிக் கேட்டிருக்காங்க. வியூஸ் எண்ணும்போது இத நெனச்சுப் பாருங்க.

ஹரால்ட் கேம்பிங்னு ஒரு ரேடியோ பிரசங்கி, 1994ல ஒரு தடவ, 2011 மே 21னு இன்னொரு தடவ, அதுவும் நடக்காம அக்டோபர் 21னு சொன்னார். அவர நம்பி சேமிப்பையெல்லாம் செலவழிச்சவங்க உண்டு. ஆனா 2012ல அவரே தேதி சொன்னது தப்புன்னு பகிரங்கமா ஒத்துக்கிட்டார், 90 வயசு மனுஷன். உங்களால முடியாதா?

ஏலியன் உண்டா இல்லையாங்கிறது நல்ல கேள்விங்க, எனக்கும் தெரிஞ்சுக்க ஆசைதான், அதப் பத்தி தாராளமாப் பேசுங்க. இப்ப நான் எழுதக் காரணமே 2029தான். அபோஃபிஸ்னு முன்னூத்து சொச்சம் மீட்டர் அகலத்துல ஒரு விண்கல், நமக்கு மேல சுமார் 32,000 கிலோமீட்டர்ல போகப்போகுது, டிவி சாட்டிலைட் சுத்துற உயரத்த விட கீழ. ஐரோப்பா, ஆப்பிரிக்கா பக்கமெல்லாம் வெறும் கண்ணுக்கே தெரியும். 2004ல கண்டுபிடிச்சப்ப மோத 37ல ஒரு வாய்ப்பு இருக்கோன்னு கொஞ்ச நாள் பயந்தாங்க, உண்மைதான். 2021ல ரேடார் வச்சு அளந்து பார்த்துட்டு இன்னும் 100 வருஷத்துக்கு மோதாதுன்னு சொல்லிட்டாங்க.

அமெரிக்கா கணக்குல அது ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை வேற, உங்களுக்குக் கை துறுதுறுங்கும். நம்ம ஊர்க் கணக்குல ஏப்ரல் 14 விடியக்காலம் மூணே கால், சித்திரை ஒண்ணு. பூமி ரெண்டா பிளக்கிற தம்ப்நெயில் வேணாம், தூரத்தப் போடுங்க, எந்தத் திசையில போகுதுன்னு போடுங்க, பசங்கள மொட்டமாடிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. அந்த வீடியோவ நானே நூறு பேருக்கு அனுப்புறேன்.

இப்படிக்கு,
உங்க வீடியோவப் பார்க்குற ஒருத்தன்